தோள் மாற்றிய இடம்

என் அப்பாவுக்குத் தலை பின்னத் தெரியும். இப்போது நான் குடியிருக்கிற குன்னூர் வீட்டில் பக்கத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தேயிலைக் காட்டில் நாற்பது ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒன்பது வயதுப் பெண்ணை முழங்கால் நடுவே இடுக்கி உட்காரவைத்து, ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு இரட்டைச் சடை போட்டதை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? வகிடு மட்டும் கடைசிவரை அவருக்கு நேராக வரவே இல்லை. கத்தி பிடித்த கை என்பதால் இழுக்கிற இழுப்பில் என் கண் இரண்டும் மேலே ஏறிவிடும்.

"வலிக்குதுங்கப்பா" என்பேன்.

"வலிச்சாத்தான் அம்மிணி சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்பார்.

நின்றதும் உண்மைதான். ஆனால் வகிடு வளைந்திருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை 'ரயில் ரோடு' என்று கூப்பிட்டார்கள். குன்னூருக்கு ஏறி வருகிற ரயில் பாதை அப்படித்தான் வளையும். கூப்பிட்டவர்களில் ஒருத்தியை நான் கடித்து வைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், இன்றைக்கும் அப்படித்தான். அது என் அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மாவுக்கு வாய் நீளம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பதினாறு குடும்பம் இருந்தது. அம்மா ஒரு சொல் சொன்னால் பதினாறு வீட்டுக்கும் கேட்கும். அப்பாவுக்கோ வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல எப்போதும் மௌனம். இரண்டு பேருக்கும் எப்படித்தான் பொருந்தியதோ! கொழுந்து பறித்துப் பறித்து அம்மாவின் விரல்கள் வெடித்துக் கறுத்துப்போயிருக்கும். சாயங்காலம் அப்பா காட்டிலிருந்து வந்தவுடன் முதல் வேலையாக அடுப்பில் வெந்நீர் வைப்பார். அம்மாவின் கையை அதில் நனைத்து, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டெல்லாம் இல்லை. வாசலில், எல்லாரும் பார்க்க.

"ஏப்பா மேஸ்திரி, பொண்டாட்டி கையப் புடிச்சு ரேகை பாக்கறியா?" என்று எதிர் லைன் ஆட்கள் கேலி செய்வார்கள்.

அப்பா தலையை நிமிர்த்தமாட்டார். பதில் சொல்வது அம்மாதான். "அவரு என்ற கையத்தான புடிச்சிருக்காரு? உங்களுக்கு எங்க எரியுது?"

அந்தக் கைதான் என் நினைவில் நிற்கிறது. முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயதானபோது தோட்டத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. அந்தச் சமயம் பார்த்து அப்பா ஊரில் இல்லை. பந்தலூர்ப் பக்கம் கம்பெனிக்கு இன்னொரு தோட்டம் இருந்தது. அங்கே புதிதாகக் காடு திருத்த ஆள் வேண்டும் என்று துரை அப்பாவையும் இருபது ஆட்களையும் அனுப்பியிருந்தார். மழைக்காலம். வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. அம்மா நாலே நாளில் போய்விட்டாள். சேதி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து, அவர் நடந்தும் வண்டி ஏறியும் வந்து சேர எட்டு நாளாயிற்று.

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். சாதாரண நாளாக இருந்தால் குன்னூர்க் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். காய்ச்சல் சாவு என்பதால் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. ஒன்பதாம் நம்பர் காட்டின் அடிப்பக்கத்தில் தேயிலை சரியாகப் பிடிக்காத ஒரு சரிவு இருந்தது. பாதையிலிருந்து கீழே ஓடைவரைக்கும் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் அந்த மாதம் எல்லாரையும் புதைத்தார்கள். கல் நடக் கூடாது, சிலுவை வைக்கக் கூடாது, அது கம்பெனி நிலம். எந்தச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார்களோ அந்தச் செடிதான் அடையாளம்.

அம்மாவைத் தூக்கிப் போன அன்று என்னைப் பக்கத்து வீட்டு அத்தை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டாள். லைனில் பொம்பளைகளும் பிள்ளைகளும் குழி வரைக்கும் போகிற வழக்கம் இல்லை. நானா அடங்குகிற ஆள்? பின்பக்கம் விறகு தள்ளுகிற சந்து வழியாக வெளியே வந்து, மேட்டில் கற்பூர மரத்தடிக்கு ஓடினேன். கீழே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டு உபதேசியார், பின்னால் மூங்கில் பாடையோடு நாலு பேர். பாடைமேல் கம்பளி போர்த்தியிருந்தது. பாதை ஓரத்தில் ஒரு செடிப் பக்கம் நின்றார்கள். பாடையை இறக்கி வைத்தார்கள். உபதேசியார் சிலுவைக்குறி போட்டார். அவ்வளவுதான். மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் அப்பா வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். அதற்குள் உபதேசியாரும் காய்ச்சலில் போய்விட்டிருந்தார். குழி வெட்டிய இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் பயந்து குடும்பத்தோடு கோயமுத்தூர்ப் பக்கம் தன் ஊருக்கே ஓடிவிட்டார். பாடை தூக்கிய மற்றவர்கள் இறக்கி வைத்துவிட்டு உடனே அடுத்த சாவுக்குத் திரும்பியவர்கள். அன்றைக்கு எத்தனை சாவு! யாரைக் கேட்டாலும் 'அந்தச் சரிவுலதானுங்க' என்றார்களே தவிர, எந்தச் செடி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அப்பா என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, அம்மாவ எங்க வெச்சாங்க? நீ பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இல்லை என்று வரவில்லை.

"பாத்தனுங்கப்பா" என்றேன்.

கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தப் பாதையோரச் செடியைக் காட்டினேன். அப்பா அதன் அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மழையில் எல்லா இடத்து மண்ணும் ஒரே மாதிரிதான் கரைந்து கிடந்தது. பிறகு மண்ணில் நெற்றி படும்படி குனிந்து, சத்தம் போட்டு அழுதார். அப்பா அழுது நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். நான் பக்கத்தில் கல்லாக நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இங்கே இல்லாவிட்டால்?

அந்தப் பயத்தோடு இருபத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

தேயிலைச் செடியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் கவாத்து. வெட்டாமல் விட்டால் தேயிலை செடியாக இருக்காது, மரமாகிவிடும். அப்பா கவாத்து மேஸ்திரி. ஒரு செடி விடாமல் வெட்டவைப்பதுதான் அவர் பிழைப்பு. அம்மா போன மறுவருஷம் ஒன்பதாம் நம்பருக்குக் கவாத்து வந்தது. காடு முழுவதும் மொட்டையடித்ததுபோல் வெட்டிப் போட்டார்கள். பாதையோரத்தில் அந்த ஒரு செடி மட்டும் தலையோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, கஞ்சி குடித்ததும் அப்பா என்னைப் பார்ப்பார். "போலாமா அம்மிணி?" என்பார். நானும் அவரும் அந்தச் செடிக்குப் போவோம். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றுவோம், காற்று அணைக்கும், அப்பா மறுபடி ஏற்றுவார். அவர் கண்ணை மூடி ஜெபம் சொல்லும்போது நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்டதில்லை. 'நீ இங்க இல்லாட்டி எங்க இருந்தாலும் என்னய மன்னிச்சிரும்மா' என்று மட்டும் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் அப்பா நிற்கிறார், என்னை மாதிரி தனியாகக் கிடந்தவள் அந்த மலையில் இருந்திருக்கமாட்டாள். யாரிடம் சொல்ல? சொன்னால் அப்பாவுக்கு அந்தச் செடியும் இல்லாமல் போய்விடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஊருக்கு ஓடிப்போன அந்தக் குழி வெட்டியவர் குடும்பத்தோடு திரும்பி வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். முறைக்குப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். இவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா "போலாமா அம்மிணி?" என்றார். அப்பாடா என்று இருந்தது. அப்படியானால் நான் காட்டிய இடம் சரிதான் போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முழுதாக நம்பவும் முடியவில்லை.

அதற்கடுத்த கவாத்தில் துரை பிடித்துக்கொண்டார். குதிரையில் வந்தவர் பாதையோரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிற செடியைப் பார்த்துவிட்டார். மேஸ்திரியே ஒரு செடியை விட்டுவைத்தால் அடுத்தவன் பத்தை விடுவான், சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் லைன் வீடும் போய்விடும். நான் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்தவள் மேட்டிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன மேஸ்திரி, இது?" துரை சவுக்கால் செடியைக் காட்டினார்.

வாயே திறக்காத அப்பா துணிந்து பொய் சொன்னார். "வெதைக்கு உட்டிருக்குங்க துரை. நல்ல சாதிங்க."

துரை செடியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "சரி, வெதை கொண்டு வந்து காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தச் செடியின் விதைகளைப் பொறுக்கி, துண்டில் முடிந்து அப்பா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் அதை முளைக்கப் போட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் கல்யாணத்துக்கு எவ்வளவோ பேர் சொன்னார்கள். "புள்ளைக்குத் தல பின்னி உடவாவது ஒருத்தி வேணுமில்ல?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "அது நான் பழகிட்டேன்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே டீச்சரானேன். கட்டிக்கொண்டதும் அதே தோட்டத்தில் ஃபேக்டரியில் வேலை பார்த்தவரைத்தான். அதற்கு முன்னால் ஊட்டிப் பக்கம் நல்ல வரன் ஒன்று வந்தது. நான் முடியாது என்றேன். அப்பாவை விட்டுப் போக மனசில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும்தான். ஆனால் நான் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தச் செடியிடம் தனியாக நிற்பார், அதை என்னால் தாங்க முடியாது.

என் மகள் பிறந்த பிறகு அப்பா வாய் திறந்து பேசினார் என்றே சொல்லலாம். அப்பிச்சியும் பேத்தியும் அடித்த கூத்துக்கு அளவில்லை. தவிட்டுப்பழம் பறிக்கப் போனால் இரண்டு பேர் நாக்கும் ஊதாவாகத் திரும்பி வரும். அவளுக்கும் அவரேதான் சடை போட்டார், அவளுக்கும் வகிடு கோணல்தான். "இந்தப் பரம்பரைக்கே நேர் வகிடு கெடையாது" என்று நான் கத்துவேன். இரண்டும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொன்றுக்கும் கத்துவேன். சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை. மற்ற ஆட்கள் மதியமே வந்துவிடுவார்கள். அப்பா மட்டும் ஒரு மணி நேரம் பிந்தி வருவார், கால் இரண்டிலும் கறுப்புச் சேறு அப்பியிருக்கும். சாணி மெழுகிய வாசலில் அந்தக் காலோடு நிற்பார்.

"எங்க போயி இந்தச் சேத்துல மிதிச்சுட்டு வர்றீங்க, வாராவாரம்?"

"ஓடைல கை கால் கழுவப் போனேன் அம்மிணி. வழுக்கி உட்ருச்சு."

"கழுவப் போயி அழுக்கா வர்ற ஒரே மனுசன் நீங்கதான்."

அவர் மறுபடி வெளியே போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். இதை எழுதும்போது என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

என் மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, ஒரு ஜூலை மழையில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. பத்து நாள் படுத்திருந்தார். ஒரு காலை நேரம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை விலக்கிவிட்டுச் சொன்னார்:

"என்னய அம்மாகிட்ட வெச்சிரு அம்மிணி. எடம் உனக்குத்தான் தெரியுமே."

இப்போது சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "செரிங்கப்பா" என்றேன். எனக்கு வேறு என்ன வந்தது! அன்றைக்கு மத்தியானமே அப்பா போய்விட்டார்.

மறுநாள் காலை பெரியப்பா, அந்தச் சரிவில் புதைக்க ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு, மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தார். அவரும் அப்போது கிழவராகிவிட்டார், வெட்டுவதற்கு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சரம்மா, எங்க வெட்டோணும்? எடத்தக் காட்டு."

நான் எழுந்தேன். பாதையோரச் செடியைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே அப்பா வெள்ளை வேட்டியில் கிடந்தார். வேறு யாரோ புதைந்து கிடக்கிற இடத்தில், இல்லை யாருமே இல்லாத வெறும் மண்ணில் அவரைத் தனியாகப் போட்டுவிட்டு வரப்போகிறேன். என்னால் முடியவில்லை. பெரியப்பாவைப் பின்பக்கம் விறகுச் சந்துக்கு இழுத்துப் போனேன்.

"எனக்கு எடம் தெரியாதுங்க பெரியப்பா" என்றேன். "நான் பாக்கவே இல்ல. ஒம்பது வயசுல அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டேன். பாதையோரத்துல பாடைய எறக்குனதத்தான் பாத்தேன். அப்பறம் பனி மூடிருச்சு."

பெரியப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"அங்க தோள் மாத்துறதுக்கு எறக்குனோம் கண்ணு. சறுக்கல் பாத, ஒரே மூச்சுல போக முடியல. தூக்குன மத்தவங்க அங்கிருந்தே அடுத்த சாவுக்குத் திரும்பிட்டாங்க. அப்பறம் குழி வெட்டுன நாங்க ரெண்டு பேரும் உபதேசியாரும் கீழ கொண்டு போயி, ஓடைக்கு மேக்கால பாறைக்குப் பக்கத்துல வெச்சோம்."

"அப்பாவுக்கு இது தெரியாதே" என்றேன்.

"ஏன் தெரியாது? நான் ஊர்லருந்து திரும்பி வந்த அன்னிக்கே கேட்டாரு. கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன்." பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "என்ற கையில சத்தியம் வாங்கிப்போட்டாரு. 'புள்ள எனக்காவ ஒரு எடத்தக் காட்டுச்சு. அது தப்புன்னு தெரிஞ்சா புள்ள ஒடஞ்சு போயிரும். நீ கம்முனு இரு, நான் சனிக்கெழம போயிக்கறேன்'னாரு. போன மாசம்கூடச் சொன்னாரு, 'என்னய வெக்கறப்ப புள்ள எங்க காட்டுதோ அங்கயே வெட்டு, மறுத்துப் பேசாத'ன்னு. நீயா சொல்லீட்ட, அதனால நான் வாயத் தொறந்தேன்."

சனிக்கிழமை. கறுப்புச் சேறு. நான் விறகுக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துரையிடம் வேலை போனாலும் போகட்டும் என்று விதை என்று பொய் சொன்னாரே, அப்போதே அந்தச் செடிக்கடியில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றிருக்கிறார். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எனக்காக வந்திருக்கிறார், நான் அவருக்காகப் போயிருக்கிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஆசையைக்கூட என் பொய் கலையக் கூடாது என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். அழுதேன். ஒன்பது வயதில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

"இப்ப சொல்லு அம்மிணி, எங்க வெட்டோணும்?" என்றார் பெரியப்பா.

"அம்மாகிட்ட வெட்டுங்க" என்றேன்.

பெட்டியைத் தூக்கியபோது நானும் பின்னால் நடந்தேன். "பொம்பளைக வர்ற வழக்கம் இல்லீங்களே டீச்சர்" என்று எவனோ முணுமுணுத்தான். "வழக்கத்த நீயே வெச்சுக்கோ, வழிய உடு" என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதை அன்றைக்கும் சறுக்கல்தான்.

ஒன்பதாம் நம்பர் காட்டின் அடிப்பக்கம் வந்ததும் தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. "இங்க எறக்குங்க" என்றார் பெரியப்பா. வெட்டப்படாமல் மரமாக வளர்ந்துவிட்ட அந்தத் தேயிலைச் செடிக்கடியில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். அதில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. புது உபதேசியார் ஒரு ஜெபம் சொன்னார். நான் குனிந்து, பெட்டிமேல் கையை வைத்து, "அப்பா, நான் பாக்கலீங்கப்பா" என்று சத்தமாகவே சொன்னேன். யார் கேட்டால் எனக்கென்ன?

தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். வலப்பக்கம் நின்றவர்கள் இடப்பக்கம் வந்தார்கள். பெட்டி மறுபடி மேலே எழுந்து ஓடையைப் பார்த்து இறங்கியது. மேலேயிருந்து மூடுபனி இறங்கி வந்தது, முன்னால் போகிறவர்களே மங்கலாகத்தான் தெரிந்தார்கள். பெரியப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு, கறுப்புச் சேற்றில் கால் புதைய, இந்த முறை நான் கடைசிவரை கூடவே போனேன்.